மாடியறையில் கேட்ட துஆ

என் மகளுக்குப் பதினாறு வயது. பேச்சு வரவில்லை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மாதவிலக்கு நாட்களில் சுத்தம் செய்வது எல்லாம் நான்தான். எங்கள் வீடு சிம்மக்கல்லில் மொத்தக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. சரக்கு ஆட்டோ உள்ளே நுழைந்தாலே அவள் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை மோதுவாள். ஆட்டோ வராத பகல் அந்தச் சந்தில் கிடையாது.

பாங்கு சொன்னதும் என் கணவர் கடையை வேலையாளிடம் விட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவார். திரும்பும்போது முகம் தெளிந்திருக்கும். அந்த முகத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். நான் தொழ முசல்லாப் பாயை விரித்தால் மகள் வந்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். ஸஜ்தாவில் நெற்றி வைத்தால் முதுகில் ஏறுவாள், இல்லையென்றால் தலைத்துணியை உருவுவாள். எத்தனை ரக்அத் ஆனது என்பது மறந்துபோகும். மறுபடி ஆரம்பித்தால் அடுப்பில் ஏதாவது தீயும். மதியத்து லுஹர் தவறிப்போய் சாயங்காலத்து அஸரோடு சேர்த்துத் தொழுத நாட்கள் நிறைய. அல்லாஹ்வுக்குத் தெரியாததா என்பார் கணவர். தெரியும்தான். ஆனால் ஒருமுறையாவது நிதானமாகத் தொழுது, கையேந்தி உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லி அழ எனக்கு நேரம் வேண்டியிருந்தது. அழுதுவிட்டால் தாங்கிக்கொள்ளலாம் என்று நம்பினேன்.

என் தங்கை நாகமலை புதுக்கோட்டையில் வீடு கட்டிக் குடிபோயிருந்தாள். தொழக்கூட நேரமில்லை என்று நான் போனில் புலம்பியதைக் கேட்டு, ஒரு சனிக்கிழமை அவளே கூப்பிட்டாள்.

"புள்ளைய நான் பாத்துக்கிறேன்க்கா. நீ மாடில எம்புட்டு நேரம் வேணும்னாலும் தொழு. கீழ என்ன சத்தம் கேட்டாலும் இறங்கி வராத."

போனோம். கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு மாடியறைக் கதவைச் சாத்தினேன். ஜன்னலுக்கு வெளியே மலை தெரிந்தது. ஒரு சத்தமும் இல்லை. நான்கு ரக்அத்தையும் வார்த்தை வார்த்தையாக ஓதித் தொழுதேன். ஸஜ்தாவில் வெகுநேரம் கிடந்தேன். யாரும் இழுக்கவில்லை.

பிறகு துஆ கேட்கக் கையேந்தினேன். இத்தனை வருடமும் அரைகுறைத் தொழுகைகளின் முடிவில், இவளுக்குப் பேச்சைக் கொடு என்றுதான் அவசரமாகக் கேட்டுவந்தேன். அன்றைக்கு அந்த வார்த்தை வாயில் வரவே இல்லை. அது நடக்காது என்பது எனக்குள் எப்போதோ முடிவாகிவிட்டிருந்தது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் நேரமில்லாமல் இருந்திருக்கிறது. எனக்குப் பின்னால் இவளை யார் குளிப்பாட்டுவார்கள், யார் துணி மாற்றுவார்கள், எந்தக் கை இவள்மேல் படும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் வந்தது ஒரே துஆதான். யா அல்லாஹ், எனக்கு முன்னால் இவளை எடுத்துக்கொள்.

சொன்னது என் வாய்தான், என் காதிலும் விழுந்தது. துஆ முடிந்தால் ஏந்திய கையை முகத்தில் தடவிக்கொள்வது வழக்கம்; அதற்குப் பயந்து அப்படியே மடியில் போட்டேன். அழுகை வரவில்லை.

கீழே இறங்கியபோது மகள் தரையில் உட்கார்ந்து தயிர்ச்சோறு தின்றுகொண்டிருந்தாள். தங்கையின் முழங்கையில் நகக்கீறல் சிவந்திருந்தது. அதை முந்தானையால் மூடிக்கொண்டு, "நல்லா தொழுதியாக்கா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். என்னைக் கண்டதும் மகள் எழுந்து வந்து, தயிர்க் கையோடு என் தலைத்துணியைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் வீடு வரும்வரை விடவில்லை.

அதன்பிறகும் தங்கை பலமுறை கூப்பிட்டாள். வெயில் என்றேன், கடையில் ஆள் இல்லை என்றேன். போன வாரம் அவள் கோபமாகவே கேட்டாள்.

"தொழ நேரமே இல்லன்னு அம்புட்டு அழுதியே, இப்ப என்னக்கா ஆச்சு?"

நேரமில்லை என்றுதான் அவளிடமும் சொன்னேன். கணவரிடம்கூடச் சொல்ல முடியாததை அவளிடம் எப்படிச் சொல்வது?

இப்போது மகள் பக்கத்தில் இருக்கும்போதுதான் தொழுகிறேன். அவள் இழுக்கிறாள், எண்ணிக்கை தவறுகிறது. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் கையேந்தாமல் எழுந்துவிடுகிறேன்.