வளையல் போட்ட கௌபாய்

என் வீட்டுக்காரர் மெட்ராஸ் பத்திரிகை ஒன்றின் கௌபாய் கதைகளுக்கு அட்டைப்படம் வரைந்தவர். ஐம்பதுகளில், ஓசூரில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கா! ஜட்கா வண்டிக் குதிரைதான் அவருடைய குதிரை. துப்பாக்கிக்காரன் நான்தான். அவருடைய தொப்பியை மாட்டிக்கொண்டு, தோசைக்கரண்டியை நீட்டியபடி கூடத்தில் நிற்பேன். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தால் உயிரே போய்விடும். பார்த்தவர்கள் வெளியே சொல்லாமல் இருப்பார்களா?

ஒரு மாதம் வந்த அட்டையில் மீசைக்காரக் கௌபாய் இரண்டு கையிலும் வளையல் போட்டிருந்தான். பெண்டாட்டியைப் பார்த்து வரைந்தவர் வளையலை விட்டுவிட மறந்துபோனார் என்று சந்தையே சிரித்தது. காய்க்காரி, "துப்பாக்கி அக்கா, கத்திரிக்கா வேணுமா?" என்றாள். வீட்டுக்கு வந்து அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை.

அவருக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. வயலோரம் கிடக்கும் பழைய வீரக்கற்களைத் தேடிப் போவார். மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவனுக்கு நட்ட கல், கௌபாய்க்கும் இவனுக்கும் ஒரே வேலைதான் என்பார். உத்தனப்பள்ளி ரோட்டை அகலப்படுத்தியபோது அப்படி ஒரு கல்லை ஜல்லிக்கு உடைக்கப் போனார்கள். இவர் போய் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆள் வந்து சொன்னதும் இழுத்துவரப் போனேன்.

சுற்றி ஒரே கூட்டம். ரோடு மேஸ்திரி என்னைப் பார்த்து, "ஏம்மா, அவரக் கூட்டிக்கினு போம்மா. எவ்ளோ சொல்லியும் எந்திரிக்க மாட்டேங்கிறாரு" என்றார். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது. கையைப் பிடித்து இழுத்தேன். அவர் நகர்ந்தபோதுதான் கல்லில் இருந்தவன் தெரிந்தான். ஒரு கையில் வில், ஒரு கையில் கத்தி, காலடியில் மாடுகள். இரண்டு மணிக்கட்டிலும் தடித்த வளை. அட்டையில் இருந்த அதே வளை.

"இவனப் பாத்தா வரஞ்சீங்க?" என்றேன். தலையாட்டினார். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்க முடியுமா? நான் சொல்ல விட்டால்தானே!

என் நெற்றிக் குங்குமத்தை விரலால் வழித்து அவன் நெற்றியில் வைத்தேன். பொட்டு வைத்த கல்லின் மேல் எங்கள் பக்கத்தில் எவனும் சம்மட்டி ஓங்கமாட்டான். மேஸ்திரி செருப்பைக் கழற்றினார். ரோடு அந்த இடத்தில் கொஞ்சம் ஒதுங்கிப் போனது.

அடுத்த மாதம் மறுபடி கூடத்தில் நின்றேன். அவர் பென்சிலைச் சீவியபடி என் கையைப் பார்த்தார்.

"வளையலக் கழட்டிடறியா? உனக்குக் கஷ்டமா இருக்கும்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தொப்பியை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, வளையலோடு கரண்டியை நீட்டினேன்.