கோழி வெந்ததா என்று பார்க்கப் போனவன்

இந்த முறை யேசு பிறந்த நத்தாருக்கு எங்கள் தெருவில் சுட்ட பட்டர் கேக் எல்லாம் நடுவில் குழி விழுந்துவிட்டன. ஒரு வீட்டுக் கேக் அல்ல, தெருவின் எல்லா வீட்டுக் கேக்கும்.

காரணம் நான்தான் என்று ஊர் சொல்கிறது. ஊர் சொல்வதெல்லாம் உண்மையா என்ன? இது உண்மை.

என் மனைவி டெங்குக் காய்ச்சலோடு ஆசுபத்திரியில் கிடந்து, அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். பிளேட்லெட் என்ற சொல்லை அதற்கு முன் நான் கேட்டதில்லை. இப்போது நித்திரையிலும் சொல்கிறேனாம். அது இறங்கிய நாட்களில் நானும் கூடவே இறங்கினேன். பிறகு அது ஏறியது, அவளும் தேறினாள்... நான்தான் இன்னும் கீழேயே நிற்கிறேன்.

யுத்த காலத்தில் வாசலில் வாகனம் நின்றால் திடுக்கிட்டு எழும்பியவன் நான். இப்போது காதருகே ஒரு நுளம்பு பாடினால் எழும்பி உட்காருகிறேன். இதுவும் ஒரு முன்னேற்றம்தானே?

அவள் நுளம்பு வலைக்குள் படுத்திருப்பாள். மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று வலையைத் தூக்கிப் பார்ப்பேன்.

"இப்பதானே பாத்துட்டுப் போனீங்க?" என்பாள்.

போவேன். திரும்பி வருவேன்.

மூச்சில் குறையில்லை. சாப்பாட்டில்தான் குறை. கஞ்சி என்றால் முகத்தைத் திருப்புவாள். இடியப்பம் என்றால் கண்ணை மூடுவாள். வளையல் முழங்கை வரைக்கும் தடையில்லாமல் ஓடியது.

மகள் நிரோஷி தாயின் பக்கத்தில் இருந்து போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு குளிர் தேசம். யன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே ஒரு முழுக் கோழி, உருளைக்கிழங்கு சூழ, பொன்னிறமாக வெந்து வருகிறது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இதைத் தந்தா தின்னுவன்" என்றாள்.

எங்களுக்கும் குளிர்காலம் உண்டு. மார்கழி மழை, கடற்காற்று, காயாத உடுப்பு. வீட்டில் இல்லாதது ஓவன்தான். அதனால் என்ன? ஊர்ப் பேக்கரியில் விறகுப் போறணை இருக்கிறது.

மத்தியானப் பாண் இறக்கிய பிறகு போறணையில் மிஞ்சுகிற சூட்டில்தான் எங்கள் பக்கத்து நத்தார் கேக்குகள் வேகும். பெண்கள் தட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். பேக்கரிக்காரர் ஹனீபா நானா எல்லாவற்றையும் உள்ளே தள்ளி, இரும்புக் கதவைச் சாத்தி, சுற்றிலும் ஈரச் சாக்கால் அடைத்துவிடுவார்.

மிளகு, உள்ளிப்பூண்டு, தேசிக்காய்ச் சாறு, பட்டர் எல்லாம் பூசிய கோழியோடு நான் போய் நின்றேன். கேக்கோடு கோழியா என்று அவர் யோசித்தார்.

"கோழி எங்க வாங்கின சேர்?"

"உங்கட பள்ளிவாசலுக்குப் பக்கத்துக் கடையிலதான்."

"அப்ப ஹலால்தான், சரி. ஆனா கேக்கெல்லாம் உள்ளி மணக்குமே..."

"டீச்சர் ஒண்டும் தின்னுறாவில்லை, நானா. இதைத்தான் கேட்டா."

அவருடைய பிள்ளைகள் மூவருக்கும் அ, ஆ எழுதக் கற்றுக்கொடுத்தவள் என் மனைவி. தட்டை நன்றாக மூடி ஒரு மூலையில் வைத்தார். கதவைச் சாத்தினார். பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

"நான் தொழுதுட்டு வாறன். கதவில மட்டும் கைய வெச்சிராதீங்க சேர், சூடு போனாக் கேக் அமுந்திரும். டீச்சருட கோழி எங்கேயும் ஓடாது."

போனார். நானும் கதவும் தனியே நின்றோம்.

கருகினால்? வேகாமல் நடுவில் இரத்தம் நின்றால்? அதைத் தின்று அவளுக்கு வயிற்றோட்டம் வந்தால்? அது மறுபடி ஆசுபத்திரி வரைக்கும் போனால்?

ஒரு சாக்கை மட்டும் இழுத்தேன். கதவை ஒரு விரற்கடை திறந்தேன். கேக்குகள் எல்லாம் குடை விரித்த மாதிரி உப்பி நின்றன. கோழி மூடிக்குள் இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. சாத்தினேன்.

தெரியாவிட்டால் பார்த்ததாக ஆகுமா? மறுபடி திறந்தேன். இந்த முறை தட்டு இழுக்கிற நீளக் கோலை உள்ளே நீட்டி மூடியையும் தள்ளினேன். கோழி வெள்ளையாகத்தான் இருந்தது. வெள்ளை என்றால் எவ்வளவு வெள்ளை? அதை உறுதிப்படுத்த இன்னொரு முறை...

அப்போதுதான் கேக்குகளைக் கவனித்தேன். குடைகள் எல்லாம் மடங்கி, நடுவில் குழியாகி உட்கார்ந்திருந்தன.

ஹனீபா நானா வந்தார். கதவைப் பார்த்தார். கீழே கிடந்த சாக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எத்தின முறை?"

நான் சாக்கை எடுத்துக் கதவோரத்தில் செருகினேன். அவர் அடுப்பு வாயில் விறகை வைத்தார். "நீங்க அங்கால போய்க் கதிரையில குந்துங்க சேர்" என்றார். பள்ளிக்கூடத்தில் நான் பிள்ளைகளிடம் பேசுகிற அதே குரல்.

தட்டு எடுக்க வந்த பிலோமினா அக்கா தன் கேக்கின் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "மழைத் தண்ணி நிக்கும் போல" என்றார். தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நாலு வார்த்தை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இருட்டுப்பட்ட பிறகு கோழி வெந்தது. நான் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறேன்... உள்ளே சிரிப்புச் சத்தம். மனைவி வலைக்குள் எழும்பி உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கிறாள். பிலோமினா அக்கா போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம்.

"முழுத் தெருக் கேக்கையும் பழுதாக்கிட்டீங்களே, மனிசா."

சொல்லிக்கொண்டே ஒரு காலைப் பிய்த்தாள். தின்றாள். கிழங்கு கேட்டாள். பிறகு மற்றக் காலையும் கேட்டாள். நிரோஷியின் தட்டிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தேன். அவள் முறைத்ததை நான் பார்க்கவே இல்லை.

நத்தார் அன்று, வழக்கம்போல வீட்டுக்கு வீடு பலகாரத் தட்டுகள் போய் வந்தன. பெரும்பாலும் கேக்கின் ஓரத் துண்டுகள். குழியை மறைக்கப் பாவம் எல்லோரும் பாடுபட்டிருந்தார்கள். பிலோமினா அக்கா மட்டும் நடுத்துண்டு அனுப்பியிருந்தார், எனக்கென்று சொல்லி. சாப்பிட்டேன். லேசாக உள்ளி மணந்தது.

மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மனைவி படுத்தாள். சந்தடி இல்லை. வலைக்கு வெளியே போய் நின்றேன். கை தானாக எழும்பியது. இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

உள்ளேயிருந்து, கண்ணைத் திறக்காமலே குரல் வந்தது.

"கதவைத் திறக்காதீங்க. நான் வெந்துகொண்டுதான் இருக்கிறன்."