வலது ஸ்பீக்கர் தெருவில் இருந்தது

பேத்தியின் இயர்போனில் ‘எல்’ பாடுகிறது, ‘ஆர்’ ஊமையாகிவிட்டது. அதைக் காதில் வைத்துப் பார்த்ததும் தூத்துக்குடியில் எங்கள் பழைய வீடு நினைவுக்கு வந்தது.

கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா வாங்கி வந்த ஸ்டீரியோ செட்டை அப்பாதான் மாட்டினார். இரண்டு ஸ்பீக்கரும் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும் என்றது விளக்கப் புத்தகம். எவ்வளவு தள்ளி என்று சொல்லவில்லை. அதனால் ‘எல்’ அறைக்குள், ‘ஆர்’ தெருவாசலில். விதியை எழுத்துப்படி நிறைவேற்றுவதில், பிற்பாடு துறைமுக அலுவலகத்தில் நானே அவருக்கு வாரிசானேன்.

அடுத்த பயணத்தில் சித்தப்பா தன் குரலைப் பதிந்து கேசட் அனுப்பினார். மாதா கோயில் திருவிழாவுக்கு வருவாரா என்று அறியச் சித்தி கதவு, ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு உட்கார்ந்தார். அறையில் சத்தமே இல்லை. பதிவு செய்தபோது சித்தப்பா மைக்கை ரெக்கார்டரின் ‘ஆர்’ துளையில் மட்டும் செருகியிருந்தார் என்பது பின்னால்தான் புரிந்தது. அப்பா வால்யூமைக் கூட்டிக்கொண்டே போனார்.

தெருவில் சிரிப்பு வெடித்தது. எதிர்வீட்டு ரோசம்மா கதவைத் தட்டினார்.

“ஏளா, திருவிழாவுக்கு வாரானாம்! ஒன்னைய நெனச்சு தூக்கமே வரலன்னு சொல்லுதான்!”

அப்பா பதறிப்போய் செட்டை அணைக்கக் கை நீட்டினார்.

“நிறுத்தாதீய அத்தான். மொதல்லருந்து போடுங்க,” என்று சொல்லிவிட்டு, சித்தி கதவைத் திறந்து தெருக் கூட்டத்தோடு போய் உட்கார்ந்தார்.