கரியர் இல்லாத சைக்கிள்

வடக்கிலிருந்து கொழும்புக்குக் கோச்சி, அதாவது ரயில், இன்னும் ஓடிக்கொண்டிருந்த காலம். அப்புத்தளை மலையில் படிப்பித்த என் சிநேகிதி, பள்ளி விடுமுறைக்குச் சைக்கிளோடு வரச் சொல்லியிருந்தாள். உச்சியிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குள்ளால் வளைந்து வளைந்து, காற்றைக் கிழித்துக்கொண்டு இறங்குவதுதான் திட்டம்.

எங்கள் ஊர் பண்டத்தரிப்பில் சைக்கிள் திருத்துபவரிடம் இரண்டு பிறேக்குக்கும் புதுக் கட்டை போடச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"தங்கச்சி, எங்கடை தட்டை ரோட்டுக்கு ஒரு பிறேக்கே கூடிப்போச்சு."

"நான் மலையிலை இறங்கப் போறன். பாரம் குறையவேணும். செயின் கவரைக் கழட்டுங்கோ. பின்னாலை இருக்கிற கரியரையும் கழட்டுங்கோ."

தன் சைக்கிளில் கூட வந்திருந்த என் அண்ணை அப்போதுதான் பாய்ந்தார்.

"கரியரையோ? உனக்கென்ன விசரே? அம்மாவை ஆர் சந்தைக்கு ஏத்திறது? புண்ணாக்கு மூட்டையை ஆர் கொண்டாறது?"

"ஏன், உங்கடை சைக்கிளிலை கரியர் இல்லையோ?"

திருத்துபவர் குனிந்து எதையோ தேடுவதுபோல் சிரிப்பை மறைத்தார். அண்ணைக்கு முகம் சிவந்தது.

"பொம்பிளைப்பிள்ளை மலையிலை விழுந்து கையைக் காலை முறிச்சால் உன்னை ஆர் கட்டுவான்?"

"பயந்தவன் கட்டாமல் விடட்டும்."

கழற்றிய கரியரை அண்ணையிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கடை வாசலிலேயே வைத்துவிட்டு ஏறி மிதித்தேன். வருசக்கணக்காக யாரோ, ஏதோ குந்தியிருந்த என் முதுகுக்குப் பின்னால் அன்றைக்கு வெறும் காற்று. அந்தக் காற்றை நான் ஒருவருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அடுத்த கிழமை அம்மா அண்ணையின் பின்னால் ஏறிச் சந்தைக்குப் போனார். நான் சைக்கிளைக் கோச்சியில் ஏற்றினேன்.