செவ்வாய்க்கிழமைக் காடு

அந்த மைக்கின் தலையில் ஒரு சிவப்புக் கைக்குட்டை கட்டியிருக்கும். கட்டாமல் பேசினால் மூச்சு விடுவதுகூடப் புயல் மாதிரிக் கேட்கும் என்று என் முதலாளி பாய் கட்டி வைத்தது. அதைப் பிடித்துப் பேசிய காலம் முழுக்க நான் ஒருமுறையும் அந்தத் துணியைத் துவைத்ததில்லை. பீடியும் டீயும் கலந்த என் வாய்நாற்றம் அதில் ஊறிக் கிடந்தது. எத்தனையோ வேலை பார்த்தவன் நான். லாரியில் கிளீனராக இருந்தேன். பெங்களூரில் ஓட்டல் மேசை துடைத்தேன். பம்பாயில் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே மூட்டை சுமந்தேன். பட்டினி கிடந்த நாட்களைப் பற்றிக்கூடச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. கூச்சமெல்லாம் அந்த மைக்கைப் பிடித்த வேலையில்தான்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், ஊர் ஊராகச் சுற்றிக் கடைசியில் திருவண்ணாமலையில் வந்து நின்றது எண்பத்தொன்பதில். இந்த ஊரில் யாரும் பசியோடு படுக்க வேண்டியதில்லை என்று ரயிலில் ஒரு சாமியார் சொன்னார், இறங்கிவிட்டேன். கொஞ்ச நாளில் பாயிடம் வேலை கிடைத்தது. பெரிய டிவியும் வீடியோ டெக்கும் கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடுவது அவர் தொழில். கல்யாணம் இல்லாத நாளில் தன் கிடங்கிலேயே கீற்றுத் தடுப்புக் கட்டிப் படம் போடுவார். செவ்வாய்க்கிழமை யாரும் கல்யாணம் வைப்பதில்லை. எனவே டிவியும் டெக்கும் செவ்வாய்க்கிழமை சும்மா இருக்கும். அந்த மத்தியானங்களுக்கென்று சென்னையிலிருந்து ஒரு கட்டு கேசட் வாங்கி வந்தார். பழைய கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படம், பதினைந்து பாகம். காட்டுக்குள் வைரக் கோயிலைத் தேடிப் போகும் ஒரு வெள்ளைக்கார வேட்டைக்காரன், முட்டி வரை பூட்ஸ் போட்ட ஒரு பெண், புதைமணல், முதலை, மனிதக் குரங்கு. ஒவ்வொரு பாகமும் யாராவது சாகப் போகும் நேரத்தில் நின்றுவிடும். மீதி அடுத்த செவ்வாய்.

படம் ஆங்கிலம். எனவே டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு என்னை உட்கார வைத்து, கையில் மைக்கைக் கொடுத்தார் பாய். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் லாரிப் பின்பலகையில் எழுதியிருக்கும் ஆங்கிலம்தான். அதைப் பற்றி இரண்டு பேருக்கும் கவலை இல்லை. வாய் அசைவதைப் பார்த்துக் கதையை நானே கட்டினேன். வேட்டைக்காரன் வேலூர் ஜெயிலிலிருந்து தப்பியவன் ஆனான். வில்லன் அந்தப் பெண்ணுக்கு முறைமாமன் ஆனான். ஜனங்கள் சிரித்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூட்டம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தக் கூட்டத்தில் எல்லாரையும்விட அதிகமாகப் படத்தை ரசித்தவர் ஒருவர். அடி அண்ணாமலைக்கு அப்பால் இருளர் குடியிருப்பிலிருந்து வருவார். நான் அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். நாற்பது வயதிருக்கும். வயல்களில் எலி பிடிப்பதும் பாம்பு பிடிப்பதும் அவர் வேலை. வலது கையில் இரண்டு விரல்கள் பழைய கடியில் சுருண்டு போயிருக்கும். செவ்வாய்க்கிழமை தேனும் மூலிகையும் விற்க டவுனுக்கு வருபவர், விற்றதும் விற்காததுமாகக் கூடையோடு வந்து முன்வரிசையில் குந்திவிடுவார். மற்றவர்கள் புலியைப் பார்த்துப் பயப்படும்போது அவர் வேட்டைக்காரனைப் பார்த்துச் சிரிப்பார். "இந்த பூட்ஸ் சத்தத்துக்கு ஓணான்கூட நிக்காது. இவரு சிங்கம் சுடப் போறாராம்!" மனிதக் குரங்கு வந்தால் எழுந்து நின்று கை நீட்டுவார். "முதுகுல ஜிப்பு தெரியுது பாரு, ஜிப்பு!" ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஆபத்து என்றால் அவருக்கு அது நிஜம். ஒரு பாகம் அவளை முதலைக் குளத்துக்கு மேலே கயிற்றில் தொங்க விட்டு முடிந்தது. வாரம் முழுக்க அதே நினைப்பாக இருந்திருப்பார் போல. அடுத்த செவ்வாய் வந்ததும் வராததுமாக என்னிடம் கேட்டார்:

"தம்பி, அந்தப் பொண்ணு ஏழு நாளா தொங்கினு இருக்குதே, ஒரு வாய் தண்ணி யாராச்சும் குடுத்தாங்களா?"

"யோவ், நீயே போய்க் குடுத்துட்டு வாயேன்" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். கிடங்கே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். அது நல்ல சிரிப்பு. அதில் யாருக்கும் காயமில்லை.

ஒருமுறை கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு வேர்க்கடலைக் கொல்லைக்கு என்னைக் கூட்டிப் போனார். வரப்பு வளைக்குள் விரியன் போனதைப் பார்த்துக் கொல்லைக்காரர் ஆள் அனுப்பியிருந்தார். அண்ணன் வளைக்கு முன்னால் மண்டியிட்டார். கையை உள்ளே விடுவதற்கு முன் கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய, "கன்னியம்மா, கை வெக்கிறேன். காத்துக்கோ" என்றார். பாம்பைப் பிடித்துச் சாக்கில் கட்டிய பிறகு, ஏன் அவ்வளவு மெதுவாகச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "சத்தமா சொன்னா பாம்பு உஷாராயிடும்" என்று சிரித்தார். பீடியைப் பற்ற வைத்த பிறகு வேறு மாதிரிச் சொன்னார்: "எங்கப்பன் சொல்லிக் குடுத்தது. ஒரே ஒரு நாளு அவரு சொல்லாம வெச்சாரு தம்பி. அன்னிக்கோட சரி."

அவர் யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொல்கிறார் என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்துதான் செய்தேன்.

ஏழாம் பாகமோ எட்டாம் பாகமோ வந்தபோது கூட்டம் குறைந்து போயிருந்தது. "கம்மியாவுதுப்பா. எதனா பண்ணு" என்றார் பாய். அந்தப் பாகத்தில் காட்டு மனிதர்கள் வந்தார்கள். உடம்பெல்லாம் கரி பூசிய நடிகர்கள், இடுப்பில் இலை, கையில் ஈட்டி. வேட்டைக்காரனைக் கம்பத்தில் கட்டிச் சுற்றி ஆடினார்கள். அவர்கள் வாயில் என்ன பாஷையைப் போடுவது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. கிடங்கு சோம்பிக் கிடந்தது. ஒருவன் எழுந்து போகப் போனான். மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக் கத்தினேன்: "கன்னிமா கைவெக்கா! ஹூ! கைவெக்கா கன்னிமா! ஹூ! ஹூ!"

எழுந்தவன் உட்கார்ந்துவிட்டான். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் மறுபடியும் கத்தினேன். அவர்களும் என்னோடு சேர்ந்து கத்தினார்கள். முன்வரிசையில் அண்ணன் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பிறகு, எல்லாரும் ஓய்ந்த பிறகு, அவரும் கொஞ்சம் சிரித்தார்.

படம் முடிந்து கூடையைத் தூக்கும்போது, "தம்பி, எல்லாம் நல்லா இருந்திச்சு. அத ஒண்ண மட்டும் வுட்டுரு" என்றார்.

"சும்மா தமாஷ்ணே. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுதே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

நான் விடவில்லை. அடுத்த செவ்வாய் கிடங்கு நிறைந்து வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். படத்தில் காட்டு மனிதர்கள் வராத இடத்திலும் அவர்களை வரவழைத்தேன். மரத்துக்குப் பின்னாலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிக் கத்தினேன். ஒரு மாதத்துக்குள் அது ஊருக்குள் இறங்கிவிட்டது. பஸ்ஸில் இடம் பிடிக்க அதைச் சொன்னார்கள், டீக்கடையில் கிளாஸைத் தட்டி அதைச் சொன்னார்கள். பிறகு விறகுக் கட்டோடு இருளர் பெண்கள் யாராவது தெருவில் போனால் அவர்களைப் பார்த்துச் சொன்னார்கள். அண்ணனின் மகள் டவுன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தும் சொன்னார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

அண்ணன் படம் பார்க்க வருவதை நிறுத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தாது. அவர் வந்தார். முன்வரிசையை விட்டுவிட்டுக் கடைசித் தூணுக்குப் பின்னால், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் கத்தும்போதெல்லாம் துண்டை முகத்துக்கு இழுத்துக்கொள்வார். அந்தப் பெண் பிழைத்தாளா என்று தெரிந்தாக வேண்டும் அவருக்கு. அதற்காக மற்ற எல்லாவற்றையும் சகித்தார். பதினைந்தாம் பாகத்தில் அவள் வைரத்தைத் தூக்கி ஆற்றில் எறிந்துவிட்டுக் கப்பலேறியபோது, தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு கைத்தட்டல் மட்டும் தனியாகக் கேட்டது.

அதற்கு அடுத்த வருஷம் மகள் பிளஸ் டூ தேறினாள். நர்ஸ் படிப்புக்கு மனுப் போடச் சாதிச் சான்றிதழ் வேண்டும். பல முறை அலைந்த பிறகு, விசாரணைக்கு அதிகாரி ஒருவர் குடியிருப்புக்கே வருவதாகச் சொன்னார்கள். அண்ணன் கிடங்குக்கு வந்தார். "நீ மைக்குல பேசுற ஆளு. எனக்கு ஆபீசருன்னாலே நாக்கு ஒட்டிக்குது. கூட வந்து நின்னு ரெண்டு வார்த்த எடுத்துச் சொல்லு தம்பி" என்றார். சான்றிதழ் இல்லாவிட்டால் அந்த வருஷம் போய்விடும். அடுத்த வருஷம் வரை வீட்டில் வைத்திருந்தால் பெண்ணைக் கட்டிக் கொடுக்கச் சொல்லி உறவுக்காரர்கள் நெருக்குவார்கள். எல்லாவற்றையும் சொன்னார். பழையதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

புளியமரத்தடியில் இரவல் நாற்காலி போட்டு அதிகாரியை உட்கார வைத்தார்கள். கெட்ட மனிதர் இல்லை. வெயிலில் வந்து களைத்திருந்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார். என்ன சாமி, என்ன தொழில், கல்யாணம் எப்படி என்று வரிசையாகக் கேட்டார். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் சரியாகத்தான் பதில் சொன்னார். அதிகாரியின் கண் மகள் பக்கமே போய்க்கொண்டிருந்தது. ரெட்டைச் சடை, ரிப்பன், கையில் மார்க் ஷீட் வைத்த பிளாஸ்டிக் உறை.

"பொண்ணு நல்லாப் பேசுதே. பார்த்தா அப்படித் தெரியலையேப்பா."

"படிக்குதுங்க சார்."

"சரி, உங்களுக்குன்னு ஒரு பாஷை இருக்கும்ல? அதுல ரெண்டு வார்த்த பேசு, கேப்போம்."

"நாங்க பேசுறது இதாங்க சார். உங்ககிட்ட இப்ப பேசினு இருக்கேனே, இதான்."

அதிகாரி பேனாவை மூடினார். அப்போது நான் பேசியிருக்க வேண்டும். அதற்குத்தான் என்னை அழைத்து வந்தார்கள். 'சார், காட்டில் இருப்பவர்கள் தமிழ் பேச மாட்டார்கள் என்று நாம் படத்தில்தான் பார்த்திருக்கிறோம்' என்று சொல்லியிருந்தால் போதும். அந்த வாக்கியம் எனக்கு அன்று வரவில்லை, பல வருஷம் கழித்து வேறு ஊரில் வந்தது. ஒரு கூட்டத்தையே கத்த வைத்த என் வாய், அந்தப் புளியமரத்தடியில் ஒட்டிக்கொண்டது.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி, நெஞ்சை நிமிர்த்தி, அடித்தொண்டையிலிருந்து கத்தினார்: "கன்னிமா கைவெக்கா! ஹூ! கைவெக்கா கன்னிமா! ஹூ! ஹூ!"

நான் இழுக்கும் இடத்தில் இழுத்தார். நான் நிறுத்தும் இடத்தில் நிறுத்தினார். குடியிருப்பில் யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுக்கு என்னப்பா அர்த்தம்?"

"சாமிகிட்ட சொல்றதுங்க. கைய வெக்கிறேன், காத்துக்கோன்னு."

"பாத்தியா, இருக்குல்ல? இதத்தானே கேட்டேன்" என்று சொல்லிப் பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார்.

ஜீப் போன பிறகு அண்ணன் என்னிடம் வந்தார். முகம் வியர்த்திருந்தது. "நீ போடுற மாதிரியே போட்டேன் தம்பி. சரியா இருந்துச்சா?" என்றார். என்னைக் குத்திக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. "சரியா இருந்துச்சுண்ணே" என்று சொன்னேன். ஆம், அதைத்தான் சொன்னேன்.

மகள் நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தாள். "ஏம்ப்பா, நீ நெசமா சொல்ற மாதிரி சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

"நெசமா சொன்னதத்தாம்மா அவரு நம்பல" என்றார் அண்ணன்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு, இரவல் கொடுத்த வீட்டைப் பார்த்து நடந்தாள். அந்த வாரமே பாயிடம் சொல்லிக்கொள்ளாமல் ஊரை விட்டுக் கிளம்பினேன். வேறு இடத்தில் நல்ல வேலை இருப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி எந்த வேலையும் இல்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை வந்தேன். கூட்டத்தோடு கிரிவலம் நடந்து, அடி அண்ணாமலை தாண்டியதும் கூட்டத்தை விட்டுப் பிரிந்து, குடியிருப்புக்குத் திரும்பும் மண்பாதை வரை போனேன். அங்கே ஒரு பெட்டிக்கடை வந்திருந்தது. எலுமிச்சை ஜூஸ் வாங்கிக் குடித்தேன். உள்ளே கூப்பிடு தூரம்தான். புளியமரத்தின் தலை தெரிந்தது. பம்பாய் வரை டிக்கெட் இல்லாமல் போனவனுக்கு அந்தக் கூப்பிடு தூரம் நடக்கக் கால் வரவில்லை. நான் தயங்கி நிற்பதைக் கடைக்காரப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, ஊசி போட்டுக்கணுமா? நர்சம்மா சாயங்காலம்தான் டூட்டி முடிஞ்சி வருவாங்க. அவங்கப்பா வூட்லதான் இருக்காரு, போய் உக்காருங்க."

"இல்லம்மா" என்றேன். "வழி தவறி வந்துட்டேன்."

"அடக் கடவுளே, அதோ ஜனம் போவுது பாருங்க, அதான் வழி" என்று கை காட்டினாள். நான் அந்தப் பக்கமே நடந்தேன்.