சம்பந்தி வீட்டுச் சைக்கிள்

நான் ஓட்டிப் பழகிய சைக்கிள் என்னுடையது இல்லை. அதை நான் திருப்பிக் கொடுக்காததற்குக் காரணம் ஆசையும் இல்லை. ஆத்திரம். ஆசை பிறகுதான் வந்தது.

என் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் அவளுடைய மாமியாரின் வளையல் ஜோடி ஒன்று காணாமல் போனது. மருமகள்தான் எடுத்தாள் என்றார்கள். நேராகச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். "மருமகளுக்குக் கை சுத்தம் பத்தாதுங்க" என்று கல்யாண மண்டபத்திலும் கோயிலிலும் கம்பெனி வாசலிலும் மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. அவனைப் பற்றி எழுத எனக்கு வேறு ஒன்றும் இல்லை. மகள் எங்களோடு வந்துவிட்டாள். கல்யாணம் கோர்ட்டில் விவாகரத்தாக முடிந்தது. வளையல் பேச்சு மட்டும் முடியவில்லை.

மகளின் சாமான்களை எடுக்க டெம்போவோடு போனேன். சம்பந்தி பெரிய எக்ஸ்போர்ட்டர். நான் வீரபாண்டியில் துணியை அயர்ன் செய்து பேக்கிங் பண்ணிக் கொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருப்பவன். அவர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கட்டில், பீரோ, கிரைண்டர், அவள் துணிமணி எல்லாவற்றையும் போர்ட்டிகோவில் தூக்கிப் போட்டிருந்தார்கள். ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்க ஆள் இல்லை. ஜன்னல் திரை மட்டும் ஆடியது. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கூட வந்த ஒடிசாக்கார லோடுமேன்களிடம், "இங்கே கிடக்கிறதெல்லாம் நம்முது, ஏத்துங்க" என்று கையைக் காட்டிவிட்டு டெம்போவில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் எல்லாவற்றையும் ஏற்றினார்கள். வீட்டில் வந்து இறக்கும்போதுதான் பார்த்தேன். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு கியர் சைக்கிள். கறுப்பு நிறம். ஒரு கையால் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு.

அது சம்பந்தியின் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கூட்டத்தோடு பல்லடத்திலிருந்து உடுமலை ரோட்டில் ஓட்டுவார். எல்லாரும் பனியன் தொழிலில் இருப்பவர்கள்.

அன்று மாலையே போன் வந்தது.

"ஏனுங்க, நம்ம சைக்கிளு ஒன்னு உங்க வண்டில ஏறிருச்சாட்ட இருக்குதுங்க."

"ஏறித்தான் இருக்குதுங்க."

"ஆள் அனுப்பறனுங்க."

"ஆள் வேண்டாமுங்க. நீங்களே வாங்க. எங்க ஊட்டு வாசல்ல நின்னு, புள்ள வளையலை எடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு ஓட்டிட்டுப் போங்க."

அவர் சிரித்தார்.

"அப்ப நீங்களே வெச்சுக்கங்க. உங்க ஊட்டுப் பழக்கம்தானுங்களே."

போனை வைத்துவிட்டார். நான் போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் அதுவரை செருப்பால் அடித்ததில்லை.

மறுநாள் விடிவதற்குள் அந்தச் சைக்கிளை வெளியே எடுத்தேன். பூட்டி வைத்தால் அது திருட்டு மாதிரி இருக்கும். ஊரே பார்க்க ஓட்டினால்? அவருடைய சைக்கிளை நான் ஓட்டுகிறேன் என்று யாராவது போய் அவரிடம் சொல்லட்டும். அவருக்கு வயிறு எரியட்டும். என் திட்டம் அவ்வளவுதான்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. சைக்கிளை விட்டு முப்பது வருடத்துக்கு மேல் இருக்கும். அந்தச் சைக்கிளின் பெடலில் அதற்கென்று இருக்கும் ஷூவைத்தான் மாட்ட முடியும். எனக்குத் தெரியவில்லை. ஹவாய் செருப்போடு மிதித்து, மங்கலம் ரோட்டில் ஒரு டீக்கடை முன்னால் விழுந்தேன். முழங்கால் கிழிந்தது. டீக்கடைக்காரர், "ஏனுங்க, இந்த வயசுல எதுக்குங்க இது?" என்றார். "ஒருத்தன் வயித்தெரிச்சலுக்குங்க" என்றேன். அவர் டீக்குக் காசு வாங்கவில்லை.

அந்தப் பெடல்களைக் கழற்றிப் பழந்துணியில் சுற்றி பீரோவில் வைத்தேன். சாதாரணப் பெடல் போட்டுக்கொண்டேன். ஒரு சாமானும் குறையக் கூடாது. அதில் மட்டும் உறுதியாக இருந்தேன்.

ஆத்திரத்தில் ஒரு ஆள் எவ்வளவு தூரம் சைக்கிள் ஓட்ட முடியும்? மங்கலம் வரைக்கும் ஓட்டலாம். அதற்கு மேல் கால் கேட்காது. நான் சோமனூர் வரை போக ஆரம்பித்தேன் என்றால் அது ஆத்திரத்தால் இல்லை. எப்போது அது மாறியது என்று எனக்கே தெரியவில்லை. வைகாசி பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று வரும். சோமனூர் மேற்கே. போகும்போது முழுக் காற்றும் நெஞ்சில் அடிக்கும். ஆள் ஒருவன் கையை வைத்துத் தள்ளுவது மாதிரி தள்ளும். தலையைக் குனிந்து, நடுவில் எங்கும் நிறுத்தாமல் மிதித்து, தறிச் சத்தம் காதில் விழும்போது சோமனூர் வந்துவிட்டது என்று தெரியும். திரும்பும்போது அதே காற்று முதுகைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வரும். சாயத்தண்ணி வாடை, லாரிப் புகை, சீக்கிரமே ஷிப்ட்டுக்குப் போகிற பெண்பிள்ளைகளின் வேன்கள் எல்லாவற்றையும் தாண்டி நான் வாயைத் திறந்துகொண்டு வருவேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. என் மனைவியிடமே இதைச் சொன்னேன். "தெரியுமுங்க, மூஞ்சியப் பார்த்தனே" என்றாள்.

வயிறு குறைந்தது. சர்க்கரை குறைந்தது. கோபம் மட்டும் ஒரு மாற்றுக்கூடக் குறையவில்லை.

பிறகு ஒருநாள் அவிநாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போன என் மனைவி முகம் சிவந்து வந்தாள். சம்பந்தியம்மா அங்கே அந்த வளையலையே கையில் போட்டுக்கொண்டு பந்தி விசாரித்துக்கொண்டிருந்தாளாம். என் மனைவியைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாளாம். வளையல் கிடைத்துவிட்டது. எப்போதோ கிடைத்துவிட்டது. ஆனால் ஊரெல்லாம் விட்ட வார்த்தையை ஒருவரிடமும் திரும்ப வாங்கவில்லை.

இதை மகளிடம் சொன்னபோது அவள் என் மேல்தான் பாய்ந்தாள். அவள் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறாள்.

"நீங்க அந்தச் சைக்கிளை வெச்சிருக்கற வரைக்கும் வளையல் கெடைச்சும் எனக்குப் பிரயோஜனம் இல்லீங்ப்பா. ஆபீஸ்ல என்ன பேசறாங்க தெரியுமா? புள்ள வளையலை எடுத்தா, அப்பன் சைக்கிளை எடுத்தான். அவங்க சொன்ன பொய்யி. அதை நீங்க நெசமாக்கிட்டீங்க."

"கண்ணு, அவன் வந்து சொல்லாம..."

"அவரு வர மாட்டாரு. நீங்க கொண்டு போயிக் குடுங்க."

"சும்மா குடுக்கச் சொல்றியா?"

"எப்படியோ குடுங்க. என்ற பேரு சுத்தமாகோணும்."

இரண்டு நாள் நான் சைக்கிளைத் தொடவில்லை. கொடுக்க மனம் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், அதற்குள் அந்தச் சைக்கிள் எனக்குக் கால் மாதிரி ஆகிவிட்டிருந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. கொடுக்க வேண்டும். அவர் வாயால் வளையல் பேச்சுக்கு ஒரு முடிவு சொல்ல வேண்டும். அதுவும் அவர் யார் யாரிடம் சொல்லித் திரிந்தாரோ அவர்கள் முன்னால். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முழுக்க அந்த ஆட்கள்தான்.

அந்தக் கூட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் உண்டு. எலாஸ்டிக், நூல், பட்டன் வியாபாரம் செய்யும் பாய். என் யூனிட்டுக்குப் பாலி பேக் கொடுப்பவர். அவரிடம் கேட்டேன்.

"வாங்கண்ணே, ரோடு யாரு அப்பன் வீட்டுதும் இல்ல" என்றார். பிறகு குரலைக் குறைத்தார். "உங்க சம்பந்தி முன்னாடியே வர மாட்டாருண்ணே. எதிர்காத்துல மாத்தி மாத்தி முன்னால போறதுதான் மொறை. அவரு முறை வந்தா தண்ணி குடிப்பாரு. எங்களுக்கெல்லாம் அவரு கம்பெனியில தச்ச ஜெர்சி, முதுகுல அவரு கம்பெனிப் பேரு. பின்னால உக்காந்து அதைப் படிச்சுக்கிட்டே வருவாரு. கடைசி ரெண்டு கிலோமீட்டர்ல எல்லாரையும் தாண்டிப் போயி குடிமங்கலம் நால்ரோடு பேக்கரியில கால் மேல கால் போட்டு உக்காந்திருப்பாரு."

இதைக் கேட்டதும் நான் செய்ய வேண்டிய வேலை தெரிந்துவிட்டது.

பல்லடம் ரோட்டில் நான் தனியாக ஓட்டும்போது ஒன்றைக் கவனித்திருந்தேன். அது தெற்கே போகிற ரோடு. காற்று வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். பனியன் மூட்டை ஏற்றிய மொபெட் ஒன்றின் பின்னால் போனால் காற்று அடிக்காது, ஆனால் நேர் பின்னால் இல்லை. கொஞ்சம் இடது பக்கமாகப் போக வேண்டும். அங்கேதான் மறைப்பு. அந்த மொபெட் ரோட்டின் இடது ஓரத்துக்குப் போய்விட்டால் எனக்கு இடம் இல்லை. எனக்கு இடது பக்கம் வெறும் சரளைக்கல். காற்று முழுவதும் என் மேல்.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்லடம் போனேன். அவர்கள் எல்லாரும் அந்த ஜெர்சியில் நின்றார்கள். நான் ஒரு ரிஜெக்ட் பீஸ் டீ-ஷர்ட்டும் டவுசரும். சம்பந்தி புதுசாக வாங்கிய சிவப்புச் சைக்கிளில் சாய்ந்து நின்றார். என்னைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார்.

"என்ற சைக்கிளு நல்லா ஓடுதுங்களா?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"அருமையா ஓடுதுங்க. இன்னைக்குக் குடுத்தர்லாம்னுதான் கொண்டாந்தனுங்க. நால்ரோட்ல வாங்கிக்கங்க" என்றேன்.

கிளம்பினோம். நான் முன்னால் போனேன். யாரையும் முறை மாற்ற விடவில்லை. கேத்தனூர் தாண்டி காற்றாலைக் காற்றாடிகள் தெரிய ஆரம்பித்ததும் காற்று வலப்பக்கமிருந்து அறைந்தது. திரும்பிப் பார்த்தேன். எதிர்பார்த்த மாதிரியே சம்பந்தி என் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி வந்தார்கள். நான் வேண்டுமென்றே நடு ரோட்டில் ஓட்டி அவருக்கு நல்ல மறைப்புக் கொடுத்தேன். நன்றாக உட்காரட்டும். சொகுசு பழகட்டும்.

பிறகு ஒவ்வொரு அடியாக இடது பக்கம் ஒதுங்கினேன். வெள்ளைக் கோட்டின் மேல் போய் நின்றது என் டயர். அவருக்கு மறைப்புப் போய்விட்டது. பின்னால் மூச்சு வாங்குவது கேட்டது.

"சம்பந்தி... சித்தெ நடுவுல ஓட்டுங்க."

"பஸ்ஸு வருதுங்க. ஓரமாப் போறதுதானுங்க நல்லது."

"பஸ்ஸே இல்லீங்களே!"

"வருமுங்க."

வேகத்தைக் கூட்டினேன். அவர் சரளையில் ஒரு தடவை இறங்கி ஏறினார். பின்தங்கினார். நான் வேகத்தைக் குறைத்தேன். அவர் கிட்டே வந்து என் பின்சக்கரத்தைத் தொடுகிற தூரத்துக்கு வந்ததும் மறுபடி மிதித்தேன். இப்படி எத்தனை தடவை செய்தேன் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் யார் வீட்டுக் கல்யாணத்திலோ அந்தப் பேச்சைக் கேட்டு மகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றது ஞாபகம் வந்தது. சோமனூர் காற்றில் நான் தின்றதை எல்லாம் அந்த ஆளுக்கு ஊட்டினேன். கடைசியில் அவரை விட்டுவிட்டுப் போனேன். பின்னால் வந்தவர்களும் அவரைத் தாண்டி வந்தார்கள். தாண்டும்போது பாய், "அண்ணே, தண்ணி குடிங்க" என்றாராம்.

குடிமங்கலம் நால்ரோட்டு பேக்கரியில் அவர் வந்து சேரும்போது எல்லாரும் டீ குடித்து முடித்திருந்தார்கள். முகம் வெளுத்திருந்தது. உட்காரப் போனார்.

"உக்காராதீங்க. மொதல்ல உங்க சைக்கிளைச் சரி பார்த்துக்கங்க" என்றேன். பையிலிருந்து துணிப் பொட்டணத்தைப் பிரித்து அந்தப் பெடல்களை அவர் கையில் கொடுத்தேன். "உங்க பெடலு. பம்ப்பு சட்டத்துல இருக்குது. பாட்டில் இருக்குது. எதாச்சும் கொறையுதுங்களா?"

"இல்லீங்க."

"நல்லாப் பாருங்க. பொறகு கை சுத்தமில்லைன்னு சொல்லக் கூடாது."

யாரும் சிரிக்கவில்லை. டீ மாஸ்டர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டான்.

"எல்லாம் இருக்குதுங்க" என்றார்.

"வேற எதாச்சும் உங்க ஊட்டுப் பொருள் எங்க ஊட்ல இருக்குதுங்களா? வளையலு கிளையலு?"

பாய்தான் கேட்டார், நிஜமாகவே தெரியாதவர் மாதிரி. "அண்ணே, அது களவு போச்சுன்னுல்ல எங்கிட்ட சொன்னீங்க?"

"அது... கெடைச்சுருச்சுங்க."

"எங்க?"

"பீரோவுக்கு அடியிலீங்க."

"அப்ப அந்தப் புள்ள எடுக்கலை?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை.

"எடுக்கலீங்க" என்றார்.

"பாய்க்குக் கேட்டுச்சு. கடைசியில நிக்கிறவருக்குக் கேட்டுச்சுங்களா?" என்றேன்.

"புள்ள எடுக்கலீங்க. எங்க மேலதான் தப்பு." இந்தத் தடவை சத்தமாகச் சொன்னார்.

நான் சைக்கிளை அவர் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு ரோட்டைத் தாண்டி, உடுமலையிலிருந்து வந்த பல்லடம் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் என் டவுசரைப் பார்த்து, "ஏனுங்ணா, வேட்டி காத்துல போயிருச்சுங்களா?" என்றான். ஜன்னலில் பார்த்தேன். சம்பந்திக்கு ஒரு கையில் சிவப்புச் சைக்கிள், ஒரு கையில் கறுப்புச் சைக்கிள். ஒருவர் இரண்டு சைக்கிளை ஓட்ட முடியாது. உதவிக்கு வந்தவர்களும் இல்லை, எல்லாரும் அவரவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள். காற்று அடித்து ஒன்று சாய்ந்தது. அதை நிமிர்த்தும்போது மற்றது சாய்ந்தது. பஸ் திரும்புகிற வரை கழுத்தை வளைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மகளுக்குப் போன் செய்தேன்.

"சொல்லிட்டாரு கண்ணு."

"ஆரு முன்னால?"

"எல்லாரு முன்னாலயும். ரெண்டு தடவை."

மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "சைக்கிளு?" என்றாள்.

"அவரு கையில."

"நீங்க எதுல வர்றீங்க?"

"பஸ்ல."

"அந்த டவுசரோடயா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

அடுத்த வாரம் ஒரு பழைய கியர் சைக்கிள் எனக்கென்று வாங்கினேன். கனம் அதிகம். அதில்தான் இப்போது சோமனூர் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை உடுமலை ரோட்டுக்கும் போகிறேன். சம்பந்தி வருவதில்லை. அவர் கணக்கு முடிந்தது. சம்பந்தியம்மா இன்னும் வாய் திறந்து சொல்லவில்லை. அந்தம்மா சைக்கிள் ஓட்டுவதில்லை. அதற்கு வேறு வழி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.