செருப்பு இறுக்கமா இருக்கா?

அக்காவும் நானும் ஒரே ஓட்டலின் சலவை அறையில் வேலை பார்க்கிறோம். படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டுத் தேய்ப்பது அவள். மறுபக்கம் வாங்கி மடிப்பது நான். இருபத்திரண்டு வருஷத்தில் லீவு கேட்டே பழகாதவள். போன வருஷம் இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் படுத்ததுதான் அவள் எடுத்த நீண்ட விடுமுறை.

வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு பட்டையைக் கட்டி, நெஞ்சில் தீப்பெட்டி அளவு வில்லை ஒன்றை ஒட்டிவிட்டார்கள். துடிப்பு, மூச்சு, தூக்கம் எல்லாம் அவள் போன் வழியாக ஆஸ்பத்திரிக்குப் போகும். அங்கே ஒரு கம்ப்யூட்டர் முதல் இரண்டு வாரம் அவளையே படித்தது. விரிப்பைத் தூக்கும்போது நெஞ்சு எவ்வளவு அடித்துக்கொள்ளும், தூங்கும்போது எவ்வளவு அடங்கும் என்று அவளுக்கென்றே ஒரு கணக்கு.

“மாமியார் போனப்புறம் நிம்மதியா இருந்தேன். இப்ப கையிலயே ஒண்ணைக் கட்டிவிட்டுட்டாங்க” என்பாள். சலவை அறையே சிரிக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். அவள் போன் அடித்தது. அவள் கை நிறைய விரிப்பு. நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். ஆஸ்பத்திரி நர்ஸ்.

“எப்படிம்மா இருக்கீங்க?”

“கல்லுக்குண்டாட்டம் இருக்கேன். என்ன விஷயம்?”

“மூணு நாளா தூக்கத்துல உங்க மூச்சு கொஞ்சம் வேகமா இருக்கு, துடிப்பும் வழக்கம்போல இறங்கலைன்னு கம்ப்யூட்டர் காட்டுது. மூச்சு வாங்குதா?”

“இல்லவே இல்ல. இங்க வேலை தலைக்கு மேல கிடக்கு.”

நர்ஸ் விடவில்லை. “சரிம்மா, ஒண்ணே ஒண்ணு. செருப்பு இறுக்கமா இருக்கா?”

அக்கா குனிந்தாள். நானும் பார்த்தேன். செருப்பு வார் வீங்கிய காலில் புதைந்திருந்தது.

“பழைய செருப்புதானே” என்றாள் மெதுவாக.

அரை மணி நேரத்தில் வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். உடம்பில் நீர் கோக்க ஆரம்பித்திருக்கிறது, இன்னும் சில நாள் விட்டிருந்தால் மூச்சுத் திணறலோடு தூக்கி வந்திருப்பீர்கள் என்றார் டாக்டர். ஊசி போட்டு, மாத்திரையை மாற்றி, மூன்றாம் நாள் அனுப்பிவிட்டார்கள்.

அந்த நர்ஸைப் பார்க்காமல் நகரமாட்டேன் என்றாள் அக்கா. இரண்டாவது மாடியில் ஒரு சின்ன அறை, நான்கு கம்ப்யூட்டர் திரைகள், அவற்றில் நூறு நோயாளிகளுக்கு மேல் கணக்கு. குரலை வைத்து ஐம்பது வயசு என்று நினைத்திருந்தோம். இருபத்தைந்துகூட இருக்காது.

“நான் ஒரு கேள்விதாம்மா கேட்டேன். கண்டுபிடிச்சது கம்ப்யூட்டர்.”

“அதுவும் நல்லா இருக்கட்டும். ஆனா அது சொல்லியிருந்தா ‘போடா’ன்னு போனை அணைச்சிருப்பேன். நீ கேட்டதாலதான் கண்ணு, குனிஞ்சு பார்த்தேன்.” அந்தப் பெண்ணின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. “பல நாள் ஒண்ணுமில்லாததுக்கும் கூப்பிட்டுத் திட்டு வாங்குவேம்மா” என்றாள்.

இப்போது அக்கா அரை நாள்தான் வேலைக்கு வருகிறாள். ஸ்டூலில் உட்கார்ந்து துண்டுகளைப் பிரிக்கிறாள். போன வாரம் துண்டு மூட்டையைத் தள்ளியதற்கே எச்சரிக்கை போய், நர்ஸ் பதறிக் கூப்பிட்டாள்.

“ஒண்ணுமில்ல கண்ணு, மூட்டையைத் தள்ளினேன். நீ கூப்பிட்டியே, அதுவே போதும். சாப்பிட்டியா நீ?”